நியண்டர்தால் மனிதரின் நெருப்பும் பசையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் வாழ்ந்து, சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன் மறைந்த நியண்டர்தால் மனிதர்கள் தாமே நெருப்பை மூட்டினார்களா, அல்லது மின்னல் விழுந்து எரிந்த காட்டிலிருந்து எடுத்து வந்தார்களா?

பதில்: தென்மேற்குப் பிரான்சின் ரோக் த மார்சால் முதலான குகைகளில், மின்னல் நெருப்பு மிகுதியாக ஏற்படும் வெப்ப ஊழிகளின் மண்ணடுக்குகளில் நெருப்பின் தடயங்கள் மிகுந்தும், கடுங்குளிர் ஊழிகளின் அடுக்குகளில் அருகியும் காணப்படுவதால், அவர்கள் இயற்கை நெருப்பையே நம்பியிருந்தனர் என்று சில ஆய்வாளர்கள் வாதிட்டனர். என் பார்வையில் அந்த வாதம் இப்போது வலுவிழந்துவிட்டது. பிரான்சில் கிடைத்த, ஏறத்தாழ 50,000 ஆண்டுப் பழைமையான கற்கருவிகளின் முகங்களில் பைரைட் கனிமத்தால் தட்டித் தீப்பொறி எழுப்பிய தழும்புகள் இருப்பதை 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. இங்கிலாந்தின் பார்னமில் 4,00,000 ஆண்டுகளுக்கு முந்தைய சுட்ட மண்ணோடு, அவ்வட்டாரத்தில் அரிதான பைரைட் துண்டுகளும் கிடைத்த செய்தி 2025இல் வெளிவந்தது. அங்கு நெருப்பு மூட்டியவர்கள் தொடக்ககால நியண்டர்தால்களாக இருக்கலாம்.

கேள்வி: கற்கருவியைப் பிடியோடு ஒட்டும் பசையை மரப்பட்டையிலிருந்து எப்படி எடுத்தார்கள்?

பதில்: குளிர்நாடுகளில் வளரும் பிர்ச் மரத்தின் பட்டையைக் கீறினால் பிசின் வடியாது; பட்டையைச் சூடாக்கித்தான் கரிய தாரைப் பிரித்தெடுக்க வேண்டும். இத்தாலியின் காம்பிதெல்லோவில், சுமார் 2,00,000 ஆண்டுகளுக்கு முந்தைய கற்சில்லுகளில் இந்தத் தார் ஒட்டியிருந்தது. இதற்குப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை என்று 2019இல் ஒரு குழு செய்து காட்டியது: வழவழப்பான கூழாங்கல்லின் அருகே பட்டையை எரித்தால், புகையிலிருந்து தார் கல்லின் மேல் படியும், அதைச் சுரண்டி எடுத்தால் போதும். ஆயினும் ஜெர்மனியின் கோனிக்ஸாவவில் கிடைத்த இரு தார்த் துண்டுகளின் வேதியியல் கூறுகளைச் சோதித்து 2023இல் வெளியிட்ட ஆய்வு, அவை மண்ணுக்கடியில், காற்று அதிகம் புகாதவாறு பட்டையைச் சூடாக்கிச் செய்யப்பட்டவை என்ற முடிவுக்கு வந்தது. எளிய வழி ஒன்று இருந்தும், புதைத்துச் சூடாக்கும் வழியை அவர்கள் கைக்கொண்டார்கள் என்பதே இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஏனெனில் புதைத்த பின் உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது, இடையில் திருத்தவும் இயலாது.

கேள்வி: பிர்ச் வளராத இடங்களில் என்ன செய்தார்கள்?

பதில்: இத்தாலியின் மேற்குக் கரையிலுள்ள ஃபோசெல்லோனே, சாந்தகோஸ்தினோ குகைகளின் கற்கருவிகளில் ஊசியிலை மரத்தின் பிசின் இருந்தது, ஒன்றில் தேன்மெழுகும் கலந்திருந்தது. பிரான்சின் லெ மூஸ்தியேயில் நிலக்கீலோடு பாதிக்கும் மேலாகக் காவிமண்ணைச் சேர்த்திருந்தார்கள். இந்தக் கலவை கையில் ஒட்டாது என்பதால் கருவியின் பிடியாகவே அது பயன்பட்டிருக்க வேண்டும் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.