மூடிய மில்லுக்குள் நுழையும் சோலார் கம்பெனி: பங்குச் சந்தை கேள்வி–பதில்

கேள்வி: இயங்காமல் கிடக்கும் மில் ஒன்றின் பங்கு 40 ரூபாய்க்குப் போகிறது. புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் இருக்கும் ஒரு சோலார் கம்பெனி இதற்குள் இணையப்போகிறதாம். டெலிகிராம் குழுவில் சொன்னார்கள். தினமும் அப்பர் சர்க்யூட் (ஒரு நாளில் விலை ஏறக்கூடிய உச்ச வரம்பு). 2 லட்சம் போடலாமா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

இப்போது போடாதீர்கள். இணைப்புக்கு இயக்குநர் குழு ஒப்புதல் தந்திருந்தால் மும்பை பங்குச் சந்தையான பி.எஸ்.இ. தளத்தில் அந்தக் கம்பெனியின் அறிவிப்புகளில் இருந்தாகவேண்டும். இல்லையென்றால் அது வெறும் வதந்தி.

அறிவிப்பு இருந்தால், அடுத்துப் பார்க்கவேண்டியது பங்கு எண்ணிக்கை. மில்லுக்கு 1 கோடி பங்கு, அதில் 75 லட்சம் பொதுமக்களிடம் என்று வையுங்கள். 40 ரூபாய் விலையில் மதிப்பு 40 கோடி. சோலார்காரர்களுக்குப் புதிதாக 2 கோடி பங்கு கொடுத்தால் மொத்தம் 3 கோடி. அதே விலையில் மதிப்பு 120 கோடி. சோலார் கம்பெனியின் ஆண்டு லாபம் 2 கோடிதான் என்றால், லாபத்தைப்போல் 60 மடங்கு கொடுத்து வாங்குகிறீர்கள். டெலிகிராம் குழுவில் யாரும் இந்தக் கணக்கைப் போடமாட்டார்கள்.

பங்குச் சந்தையில் பட்டியலிடாத கம்பெனி, தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் வழியாக இணைந்தால், பழைய பொதுப் பங்குதாரர்கள் (வரும் கம்பெனியில் உள்ள தகுதிபெற்ற நிறுவன முதலீட்டாளர்களையும் சேர்த்து) கையில் 25 சதவிகிதமாவது இருக்கவேண்டும் என்பது பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபியின் 2017 விதி. மேலே உள்ள கணக்கு சரியாக அந்த விளிம்பில் நிற்கிறது. அதனால் சிலர் இணைப்பை விட்டுவிட்டு, முன்னுரிமை ஒதுக்கீட்டில் (குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் புதுப் பங்கு தருவது) தங்கள் கம்பெனிப் பங்கைக் கொடுத்து மில் பங்கை வாங்கிக்கொள்கிறார்கள். அப்படியானால் ஒதுக்கீடு பெறுவோர் பட்டியலைப் படியுங்கள். புரமோட்டர் (கம்பெனியைக் கட்டுப்படுத்தும் முதலாளி) அல்லாதவர்களுக்கு 6 மாதப் பூட்டு உண்டு, அதுவரை விற்கமுடியாது. அது திறக்கும் தேதியைக் குறித்துவையுங்கள். மலிவாக வாங்கியவர்கள் அன்று விற்க வருவார்கள். விலை நாளின் கீழ் வரம்பைத் தொட்டு லோயர் சர்க்யூட் ஆனால் வாங்க ஆள் இருக்காது.

வரும் கம்பெனியின் பதிவு அடையாள எண் (சி.ஐ.என்.) 'யு' (U) என்று தொடங்கினால் பட்டியலிடாதது. கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் 100 ரூபாய் கட்டி மூன்றாண்டு வரவுசெலவுக் கணக்கைப் பாருங்கள். விற்பனை ஏறியும் வங்கிக்குப் பணம் வராமல், வரவேண்டிய பாக்கி மட்டும் வீங்கியிருந்தால் விலகுங்கள். மேட்டுப்பாளையம் உங்களுக்குப் பக்கம்தானே? நேரில் போங்கள். வாசல் பலகையில் ஜி.எஸ்.டி. எண் இருக்கவேண்டும், அந்த எண்ணை ஜி.எஸ்.டி. தளத்தில் போட்டால் ரிட்டர்ன் தாக்கல் செய்த தேதிகள் தெரியும்.

வெளியே வரும் வழியையும் பாருங்கள். ஒரு மாதச் சராசரி வர்த்தகம் நாளுக்கு 1 லட்சம் ரூபாய்தான் என்றால், உங்கள் 2 லட்சம் சிக்கிக்கொள்ளும். 2017 ஆகஸ்ட் 7 அன்று 331 கம்பெனிகளை ஷெல் (தொழில் இல்லாத வெற்றுக் கம்பெனி) என்று சந்தேகித்து செபி நடவடிக்கை எடுக்கச் சொன்னதும், அவற்றின் வர்த்தகம் மாதம் ஒருநாள் என்று சுருங்கியது. சில கம்பெனிகள் மேல்முறையீட்டில் தடை வாங்கின. மற்றவற்றில் பணம் போட்டவர்கள் காத்துக் கிடந்தார்கள்.

கேள்வி: ரிவர்ஸ் மெர்ஜர் என்றாலே மோசடியா?
– வாசகர், லாஸ்பேட்டை

இல்லை. தாய்க் கம்பெனி தான் தொடங்கிய கம்பெனிக்குள்ளோ, பட்டியலிடாத கம்பெனி பட்டியலிட்டதற்குள்ளோ இணைவதுதான் ரிவர்ஸ் மெர்ஜர். 2002-இல் ஐ.சி.ஐ.சி.ஐ. தன் வங்கிக்குள் இணைந்தது, 2024-இல் ஐ.டி.எஃப்.சி.யும் ஐ.டி.எஃப்.சி. ஃபர்ஸ்ட் வங்கிக்குள் இணைந்தது. அவை இரு பக்கமும் பட்டியலிட்ட, கணக்கு வெளியே தெரிந்த நிறுவனங்கள். வெற்றுக் கூட்டுக்குள் புதியவர் நுழையும்போதுதான் எச்சரிக்கை தேவை. அவர் சந்தையிலோ முன்னுரிமை ஒதுக்கீட்டிலோ 25 சதவிகிதம் எட்டினால், குறைந்தது 26 சதவிகிதத்துக்கு ஓப்பன் ஆஃபர் (மற்றப் பங்குதாரர்களிடம் பங்கை வாங்கிக்கொள்ளும் அழைப்பு) தரவேண்டும். அந்த ஆஃபர் கடிதத்தில் அவர் யார், பணம் எங்கிருந்து, இதற்குமுன் செபி அவர்மீது நடவடிக்கை எடுத்ததா என்பதெல்லாம் இருக்கும். முதலில் படிக்கவேண்டியது அதைத்தான்.