தீர்மானம் எடுத்தாயிற்று, கட்டடம் இன்னும் நிற்கிறது

கேள்வி: மட்டக்களப்பு எழுவான்கரையில் (வாவிக்குக் கிழக்குப் பக்கம்) ஒரு சிறிய பட்டினத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். கடைச் சுவரோடு ஒட்டி ஒரு பழைய மேல்மாடிக் கட்டடம் இருக்கிறது. 1990இல் எரிந்தது, பிறகு சுனாமியில் கீழ்ச்சுவரும் உடைந்தது. சொந்தக்காரர் கனடாவில் என்கிறார்கள். போன மாரியில் மேல்மாடி விளிம்பு இடிந்து ஒழுங்கையில் விழுந்தது, என் கடைத் தகரமும் உடைந்தது. பிரதேச சபையில் முறைப்பாடு கொடுத்தேன். எட்டு மாதத்துக்கு முன் சபை அமர்வில் கட்டடத்தை அகற்றுவதென்று தீர்மானம் எடுத்தார்கள். இப்போது கேட்டால் பணம் இல்லை, உரிமையாளரின் சம்மதம் வேண்டும் என்கிறார்கள். ஆனால் அதே அமர்வில் தீர்மானித்த, மண் தோண்டுகிற பெக்கோ இயந்திரம் வாங்கி வந்து நிற்கிறது. ஒழுங்கையில் தெருவிளக்கு எரிவதில்லை, குப்பை வண்டியும் இந்தப் பக்கம் வருவதில்லை. நான் சபைக்குச் சோலைவரி (ஆதன வரி) கட்டுவதை நிறுத்தலாமா? நாங்களே ஆள் பிடித்து இடிக்கலாமா? சபைமீது வழக்குப் போடலாமா?

பதில்: சகோதரி, நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேல்மாடி வளையில் கம்பி துருப்பிடித்து வீங்கி சீமெந்தை வெளியே தள்ளியிருக்கிறது, உங்கள் கடைப்பக்கச் சுவரின் வெடிப்பில் ஒரு ஆலங்கன்று வேர்விட்டு நிற்கிறது, அதற்கு நேர் கீழே ரியூசனுக்கு வந்த பிள்ளைகள் சாத்தி வைத்த நாலைந்து சைக்கிள். அந்தச் சைக்கிள்களைப் பார்த்த பிறகு இதற்குப் பதில் எழுதுவதைத் தள்ளிப்போட மனம் வரவில்லை. மாரி தொடங்குவதற்கு முன் இது நடக்க வேண்டும்.

உங்கள் மூன்று கேள்விக்கும் முதலில் நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். சோலைவரியை நிறுத்தாதீர்கள். சபை சேவை தரவில்லை என்பதற்காக வரி கட்டாமல் விட சட்டத்தில் இடமில்லை, நிலுவை ஏறினால் உங்கள் அசையும் பொருட்களைத் தடுத்து வைக்கிற அதிகாரம் சபைக்கு இருக்கிறது, அவர்கள் எடுக்கும் பொருள் உங்கள் தையல் மெசினாகவே இருந்துவிடலாம். அத்தோடு வரி கட்டிய பற்றுச்சீட்டுத்தான் நீங்கள் அந்த ஒழுங்கையில் உரிமையோடு நின்று கேள்வி கேட்கிற ஆள் என்பதற்குச் சான்று, அதைக் கைவிட்டால் நட்டம் உங்களுக்கு. நீங்களாக இடிப்பது அதைவிட ஆபத்து. சொந்தக்காரர் கனடாவிலிருந்து ஒரு அற்றோணித் தத்துவத்தை (தன் சார்பில் செயற்பட அதிகாரம் கொடுக்கும் பத்திரத்தை) அனுப்பி இங்குள்ள ஒருவரைக் கொண்டு பொலிசில் முறைப்பாடு போட்டால் வழக்கில் நீங்கள்தான் எதிரி, இடிக்கும்போது கூலியாள் ஒருவர் அகப்பட்டால் சொல்லவே வேண்டாம். சபைமீது வழக்கு, ஓம், போடலாம். ஆனால் அது முதல் வேலை இல்லை.

முதல் வேலை நீதவான் நீதிமன்றம். இதைப் பலர் அறிவதில்லை, சட்டத்தரணிகள் சிலருக்குக்கூட உடனே நினைவுக்கு வருவதில்லை. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் 98ஆம் பிரிவு பொதுத்தொல்லை பற்றியது. ஒரு கட்டடம் விழக்கூடிய நிலையில் இருந்து, அதனால் அயலில் வசிப்பவர்களுக்கோ தொழில் செய்பவர்களுக்கோ வழியால் போகிறவர்களுக்கோ காயம் ஏற்படலாம் என்று நீதவானுக்குத் தெரியவந்தால், அதை அகற்றும்படியோ திருத்தும்படியோ முண்டு கொடுக்கும்படியோ அவர் நிபந்தனைக் கட்டளை (செய், அல்லது வந்து ஆட்சேபனை சொல் என்கிற கட்டளை) பிறப்பிக்கலாம். "அயலில் தொழில் செய்பவர்" என்ற அந்தச் சொல் உங்களுக்காகவே எழுதியது போல இருக்கிறது. கட்டளை சொந்தக்காரருக்கு மட்டும் என்றில்லை, கட்டடத்தைக் கையில் வைத்திருப்பவர், கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர் எவருக்கும் கொடுக்கலாம். ஆகவே உறுதி யார் பெயரில், முதுசத்தில் எத்தனை பங்கு, சகோதரர்களுக்குள் பாகப்பிரிவினை முடிந்ததா என்று சபை கந்தோரில் சொல்கிற கதை எல்லாம் இங்கே தடையாக வராது. ஆள் வெளிநாட்டில், கட்டளையைக் கையில் கொடுக்க முடியவில்லை என்றால் பொருத்தமான இடத்தில் ஒட்டி அறிவிக்கவும் வழி இருக்கிறது. அவர் வந்து ஆட்சேபித்தால் நீதவான் சாட்சியம் கேட்டு முடிவெடுப்பார். வராமலும் செய்யாமலும் விட்டால் கட்டளை நிரந்தரமாகும், நீதிமன்றமே அந்த வேலையைச் செய்வித்துச் செலவை அந்த ஆதனத்திலிருந்து அறவிடலாம். விசாரணை முடியும்வரை காத்திருக்க முடியாத அளவுக்கு ஆபத்து உடனடியாக இருந்தால் அதற்கான இடைக்கால ஏற்பாட்டையும் கேட்கலாம், ஒழுங்கையை அடைப்பது, முண்டு கொடுப்பது போன்றவை.

சரி, நீதவானுக்கு எப்படித் தெரியவரும்? பொலிஸ் அறிக்கை ஒரு வழி. இன்னொன்று, உங்கள் சட்டத்தரணி மூலம் சத்தியக்கடதாசியோடு நீங்களே தகவல் வைப்பது. நான் இரண்டையும் சேர்த்தே செய்யச் சொல்வேன். பொலிசில் முறைப்பாட்டைப் பதிந்து பிரதியை வாங்கி வையுங்கள், அங்கே இதை "காணிப் பிரச்சினை" என்று எழுதவிடாதீர்கள், விழும் நிலையில் உள்ள கட்டடம், உயிராபத்து என்ற சொற்கள் அதில் இருக்க வேண்டும். ஒரு பொறியியலாளரைக் கூட்டிப்போய்ப் பார்க்கவைத்து இரண்டு பக்கமாவது எழுதி வாங்குங்கள், கொஞ்சம் செலவுதான், ஆனால் நீதவான் முன் உங்கள் பயத்தைவிட அந்தக் கடதாசிக்குப் பெறுமதி அதிகம். கிராம சேவகரிடமும் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) உள்ள அனர்த்த முகாமைத்துவப் பிரிவிலும் எழுத்தில் கொடுங்கள். இரவில் ஏதும் விழுந்தால் 117க்கு அழையுங்கள், அழைத்த நேரத்தைக் குறித்து வையுங்கள்.

இனி அந்தத் தீர்மானம். சபை அமர்வில் முன்மொழிந்து வழிமொழிந்து நிறைவேற்றினால் கூட்டறிக்கையில் ஒரு பந்தி ஏறும், அவ்வளவுதான், அதன் பிறகு செயலாளர் அதை நடவடிக்கைக்கு எடுத்து, தொழில்நுட்ப உத்தியோகத்தர் போய்ப் பார்த்து, உரிமையாளருக்கு அறிவித்தல் போய், அதற்கு அவர் என்ன செய்தார் என்பது கோவையில் (பைலில்) வந்தால்தான் தீர்மானம் நிலத்தில் இறங்கும். என்னிடம் முன்பு வந்த ஒரு வழக்கில் (ஊர் வேண்டாம், சபை வேண்டாம்) அறிவித்தல் பதிவுத் தபாலில் போய், ஆளில்லை என்று திரும்பி வந்து, அந்த உறையை அப்படியே கோவையில் குத்திவிட்டு இரண்டு வருடம் ஒருவரும் தொடவில்லை. மதில் விழுந்தது. வாழைப்பழம் வாங்கப் போன ஒரு வயதானவரின் கால் போனது. அந்த உறையை நான் நீதிமன்றத்தில் கையில் பிடித்துக் காட்டினேன், தபால் முத்திரைகூட அழியாமல் இருந்தது. உங்கள் விடயத்தில் அந்தக் கோவை எந்த மேசையில் நிற்கிறது என்று இப்போதே தெரிய வேண்டும்.

அதற்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம். ஒவ்வொரு சபையிலும் தகவல் உத்தியோகத்தர் ஒருவர் இருக்க வேண்டும். தமிழில் எழுதுங்கள், தமிழிலேயே பதில் பெற உங்களுக்கு உரிமை உண்டு, ஏன் கேட்கிறீர்கள் என்று அவர் கேட்க முடியாது. தீர்மானம் உள்ள கூட்டறிக்கையின் பிரதி, தொழில்நுட்ப உத்தியோகத்தரின் அறிக்கை, உரிமையாளருக்குப் போன அறிவித்தல், அதைத் தபாலிட்ட திகதி, சோலைவரி இடாப்பில் அந்த ஆதனத்துக்கு எதிரே உள்ள பெயர் ஆகியவற்றைக் கேளுங்கள். சாதாரணமாக 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் உயிரோடும் தனிமனித சுதந்திரத்தோடும் சம்பந்தப்பட்ட தகவலுக்கு 48 மணித்தியாலத்தில் பதில் தர வேண்டும் என்று அதே சட்டத்தில் இருக்கிறது. கடிதத்தின் தலையிலேயே அதை எழுதி, விழுந்த விளிம்பின் படத்தை இணைத்துக் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்காமல் கந்தோரை விட்டு இறங்க வேண்டாம்.

அப்புறம் பெக்கோ. உங்கள் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனாலும் சொல்கிறேன், கட்டடத்தையும் பெக்கோவையும் ஒரே முறைப்பாட்டில் எழுதாதீர்கள். எழுதினால் கட்டடம் பின்னுக்குப் போய்விடும், அரசியல் கதை முன்னுக்கு வந்துவிடும், உங்களையும் ஒரு கட்சிக்காரி என்று சொல்லி முடித்துவிடுவார்கள். சபை இயந்திரம் வாங்குவது தன்னளவில் சட்டவிரோதம் இல்லை. வடிகான் வெட்டவும் வீதி போடவும் அது தேவைதான். வரவு செலவுத் திட்டத்தில் அதற்கு ஒதுக்கீடு இருந்ததா, விலைமனு முறையாகக் கோரப்பட்டதா, மதிப்பீட்டுக் குழு எதைச் சிபாரிசு செய்தது, கொடுத்த விலை என்ன, இவைதான் கேள்வி. இவற்றைத் தனியாக இன்னொரு தகவல் விண்ணப்பத்தில் கேளுங்கள். பதிலில் ஓட்டை தெரிந்தால் உள்ளூராட்சி உதவி ஆணையாளருக்கும் கணக்காய்வாளர் நாயகத்தின் திணைக்களத்துக்கும் எழுதலாம், பிரதேச சபைகளின் கணக்கும் அவருடைய கணக்காய்வுக்கு உட்பட்டதுதான். இலஞ்சம் என்று சொல்லக் கையில் ஆதாரம் இருந்தால் மட்டும் இலஞ்ச ஊழல் ஆணைக்குழு, தொலைபேசி இலக்கம் 1954. அதற்கு முன் முகநூலில் தவிசாளரின் படத்தைப் போட்டுக் கள்ளன் என்று எழுதிவிடாதீர்கள், மானநட்ட வழக்கு வந்தால் நான் உங்கள் பக்கம் நின்றாலும் கை கட்டியது போலத்தான்.

ஒரு இடத்தில் மட்டும் பெக்கோ உங்களுக்கு உதவும். இடிக்க வசதி இல்லை, ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கக் காசில்லை என்று சபை எழுத்தில் பதில் தந்தால், இயந்திரம் சபை வளவிலேயே நிற்கிறது என்று நீதிமன்றத்தில் சொல்லலாம். (பொறியியலாளர் பார்க்காமல் அந்தக் கட்டடத்தில் பெக்கோவை வைக்க விடவேண்டாம், உங்கள் சுவரும் சேர்ந்து வரும்.) உரிமையாளரின் சம்மதம் வேண்டும் என்பதும் சரியான பதில் இல்லை. அவருக்கு அறிவித்தல் போக வேண்டும், பதில் சொல்லச் சந்தர்ப்பம் கொடுக்க வேண்டும், அது வேறு. தெருவில் போகிறவனின் தலையில் விழப்போகிற வளைக்குச் சொந்தக்காரரின் சம்மதம் என்று சட்டத்தில் எங்கும் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் சபை அசையவில்லை என்றால் கோரிக்கைக் கடிதம். சட்டத்தரணி மூலம், பதிவுத் தபாலில், தவிசாளருக்கும் செயலாளருக்கும் பதவிப் பெயரில், தீர்மானத் திகதியைக் குறிப்பிட்டு, இத்தனை நாளுக்குள் நடவடிக்கை எடுங்கள் என்று. இதை அனுப்பாமல் எழுத்தாணை கேட்டுப் போனால் முதல் தவணையிலேயே அந்தக் கேள்வி வரும். கடமையைச் செய்யும்படி கட்டளையிடும் எழுத்தாணையை மட்டக்களப்பு மாகாண மேல் நீதிமன்றத்திலேயே கேட்கலாம், கொழும்புக்குப் போகத் தேவையில்லை. அம்பாறைப் பக்கத்தில் இதே பிரச்சினை உள்ளவர்கள் கல்முனை மேல் நீதிமன்றத்தில் விசாரியுங்கள். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு என்று யாராவது சொல்வார்கள், அதற்கு ஒரு மாதக் காலவரையறை, உங்கள் விடயத்தில் நாள் எண்ணுவதிலேயே சிக்கல் வரும், நான் அந்த வழியில் உங்களை அனுப்பமாட்டேன்.

போன மாரியில் விழுந்த துண்டால் உங்கள் கடைத் தகரம் உடைந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நட்டத்துக்கு உரிமையாளர்மீது வழக்கிட இரண்டு வருடம் இருக்கிறது. சபையையும் சேர்ப்பதென்றால் ஒரு மாதத்துக்கு முன் எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும், அங்கே கால எல்லையும் குறுகியது, ஆகவே தகரம் வாங்கிய பில்லை எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். வசதி இல்லையென்றால் மட்டக்களப்பில் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தில் கேளுங்கள்.

தெருவிளக்குக்கும் குப்பைக்கும் வழக்கு வேண்டாம். ஒழுங்கையில் உள்ள வீடுகள் எல்லாம் கையெழுத்து வைத்து ஒரு கடிதம், உங்கள் வட்டார உறுப்பினரின் கையில் கொடுத்து அடுத்த அமர்வில் வாசிக்கச் சொல்லுங்கள். விளக்கு எரியாததைக் கட்டடக் கோவையிலும் ஒரு வரி சேருங்கள், இருட்டில் கீழே போகிறவர்களுக்கு மேலே என்ன தொங்குகிறது என்று தெரியாது.

இன்றைக்குச் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. படத்தில் உங்கள் தையல் மெசினும் வெட்டு மேசையும் அந்த வெடித்த சுவரோடு ஒட்டியபடி இருக்கின்றன. அவற்றை மற்றப் பக்கத்துக்கு மாற்றுங்கள். ரியூசன் ஆசிரியரோடு கதைத்து, பிள்ளைகளின் சைக்கிளை ஒழுங்கை முகப்பில் விடச் சொல்லுங்கள், ஒரு கயிறு கட்டி அதில் சிவப்புத் துணி தொங்கவிட்டாலும் போதும். கட்டிய பிறகு அதையும் ஒரு படம் எடுத்துத் திகதியோடு வைத்திருங்கள்.