1.5 டன் ஏசிக்கு அரை இஞ்சுக்குப் பதிலா அஞ்சு நூல் (5/8 இஞ்ச்) காப்பர் பைப் போடலாமா?

கேட்டவருக்கு ஈரோட்டில் மாடி வீடு. 1.5 டன் ஆர்-32 இன்வெர்ட்டர் ஸ்பிளிட், அவுட்டோர் மொட்டை மாடியில், பைப் 10 மீட்டர் ஓடணும். “தூரம் அதிகம், சக்‌ஷனுக்கு அஞ்சு நூல் போட்டா கூலிங் நல்லா வரும்”னு மெக்கானிக் சொல்றாராம். சக்‌ஷன்னா ரூம்ல இருந்து கேஸைத் திரும்ப அவுட்டோருக்குக் கொண்டு போற பெரிய பைப்.

வேண்டாமுங்க. மேனுவல்ல என்ன சைஸோ அதுதான். 1.5 டன்னுக்குப் பெரும்பாலும் லிக்விட் லைன் (ரூமுக்கு வர்ற சின்ன பைப்) கால் இஞ்ச், சக்‌ஷன் அரை இஞ்ச். சில மெஷின் அஞ்சு நூலே கேட்கும், அப்பப் போடுங்க. உங்க இன்டோர் பின்னாடி பைப்பை மாட்டற ஃபிளேர் நட்டைப் பார்த்தாலே தெரிஞ்சுரும்.

பைப் சின்னதாப் போனா பிரஷர் விழும், கூலிங் குறையும். இது எல்லாருக்கும் தெரியும். பெரிசாப் போனா வர்ற கேடுதான் கண்ணுக்குத் தெரியாது. கம்ப்ரஸர் ஆயில் கொஞ்சம் எப்பவும் கேஸோட சேர்ந்து சுத்திட்டே இருக்கும். உங்க அவுட்டோர் மேல இருக்குது. கீழ ரூம்ல இருந்து அந்த ஆயிலை மேல ஏத்திட்டுப் போறது சக்‌ஷன் கேஸோட வேகம் ஒண்ணுதான். அரை இஞ்சை அஞ்சு நூலாக்கினா அந்த வேகம் ஏறக்குறைய 40 சதவீதம் குறையும். ராத்திரி இன்வெர்ட்டர் மெதுவா ஓடறப்ப இன்னும் மோசம். ஆயில் பைப்புலயே தங்கிட்டா நாளடைவுல கம்ப்ரஸர் போயிரும்.

தூரத்துக்கு ஈடு கட்டறது கேஸ்லதானுங்க. கம்பெனியில ரொப்பி வர்றது பெரும்பாலும் 5 இல்லைன்னா 7.5 மீட்டருக்குத்தான் கணக்கு. அதுக்கு மேல மீட்டருக்கு 15லிருந்து 20 கிராம் வரும். உங்க மெஷினுக்கு எவ்வளவுன்னு மேனுவல் பார்த்து, தராசு வெச்சு ஏத்தோணும்.

என்னைக் கேட்டா மொட்டை மாடியே வேண்டாம். சித்திரை வெயில்ல ஈரோட்டு மாடி எப்படிக் கொதிக்கும்னு உங்களுக்கே தெரியும். காத்தோட்டம் இருக்கிற வடக்குச் சுவத்துல பிராக்கெட் அடிச்சு மாட்டினா பைப் நீளம் குறைஞ்சிரும். ஆனா 3 மீட்டருக்குக் கீழ போகாதீங்க, அதிர்வும் சத்தமும் ரூமுக்குள்ள வரும்.

சின்ன பைப்புக்கு இன்சுலேஷன் எதுக்குன்னு விட்டுருவாங்க. நம்ம ஸ்பிளிட்ல எக்ஸ்பான்ஷன், அதாவது பிரஷர் விழுந்து கேஸ் சில்லாகறது, அவுட்டோர்லயே நடக்கறதால அந்தப் பைப்பும் சில்லுனுதான் இருக்கும். ரெண்டுக்கும் தனித்தனியா ஸ்லீவ் போடச் சொல்லுங்க.

பைப்பைக் கட்டர்லதான் வெட்டோணும், ஆக்ஸா பிளேடு கூடாது. பிசிறு எடுக்கறப்ப பைப் வாய் கீழ பார்த்து இருக்கோணும். அப்பத்தான் தூள் உள்ள விழாம கீழ கொட்டும். நட்டை முதல்லயே மாட்டிட்டு அப்புறம் ஃபிளேர் பண்ணோணும், அதாவது பைப் வாயை விரிக்கோணும்.

ஜாயின்ட் முடிஞ்சதும் நைட்ரஜன் விட்டு லீக் பார்க்கோணும். அடுத்தது வேக்யூம், அதாவது பைப்புல இருக்கிற காத்தையும் ஈரத்தையும் பம்ப் வெச்சு உறிஞ்சி எடுக்கறது. “கொஞ்சம் கேஸ் விட்டுக் காத்தைத் தள்ளிரலாம்”னு சொன்னா ஒத்துக்காதீங்க. ஆர்-32 தீப்பிடிக்கிற கேஸ். அதோட பைப்புல ஈரம் நின்னா ஆயில் அதை உறிஞ்சி, ஆசிட் உண்டாகி உள்ள இருந்தே அரிக்கும். பம்பை அரை மணி நேரமாவது ஓட்டட்டும், மைக்ரான் கேஜ்ல (வேக்யூம் அளக்கிற மீட்டர்) 500க்குக் கீழ இறங்கோணும். வால்வை மூடி, பம்பை நிறுத்திட்டு பத்து நிமிஷம் பாருங்க. ரீடிங் விடாம ஏறிட்டே இருந்தா எங்கியோ லீக்; கொஞ்சம் ஏறி நின்னுட்டா ஈரம் இன்னும் பாக்கி.

வர்றவர் வேக்யூம் பம்ப் கொண்டு வரலைன்னா அன்னிக்கு வேலையை ஆரம்பிக்க விடாதீங்க.