ஆறு கால் வேற்றுக்கிரக மிருகத்துக்குப் பின்னங்கால் எப்படி வரைவது?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருந்து காமிக்ஸ் வரைகிறேன். என் கதையில் வரும் வேற்றுக்கிரக மிருகம் யானை உயரம், ஆறு கால், முதுகில் ஓடு. பின்னங்கால் முட்டி பின்பக்கம் மடங்கும். படம் இணைத்திருக்கிறேன். பார்க்கிறவர்கள் எல்லாரும் ‘கால் ஒடிஞ்ச மாதிரி இருக்கு’ என்கிறார்கள். அசல் எலும்புகள், ஆமை ஓடு எல்லாம் சேர்த்து ஒரு ‘செட்’ 12,000 ரூபாய்க்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார். அதைப் பார்த்து வரைந்தால் சரியாகுமா?

பதில் தருபவர்: ஓய்வுபெற்ற கால்நடை உடற்கூறியல் ஆசிரியர்

அந்த செட்டை வாங்காதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன், முதலில் காலைப் பார்ப்போம்.

பின்பக்கம் மடங்கும் முட்டி ஆட்டுக்கும் கிடையாது, நாய்க்கும் கிடையாது. நீங்கள் முட்டி என்று நினைப்பது அதன் குதிகால். உண்மையான முட்டி மேலே வயிற்றை ஒட்டி, தோலுக்குள் மறைந்திருக்கிறது. அது நம் முட்டியைப் போலவே முன்பக்கம்தான் நீட்டிக்கொண்டிருக்கும். தொடை எலும்பு இடுப்பிலிருந்து முன்பக்கமாக இறங்குகிறது, முட்டியிலிருந்து அடுத்த எலும்பு பின்பக்கமாகப் போகிறது, குதிகாலில் திரும்பி மூன்றாவது எலும்பு நேராகக் கீழே வருகிறது. உங்கள் படத்தில் இரண்டு துண்டுதான் இருக்கிறது. ஒரு எலும்பை விட்டுவிட்டீர்கள், அதனால்தான் ஒடிந்த மாதிரி தெரிகிறது.

முன்னங்காலிலும் இதே குழப்பம்தான். ஆட்டின் முன்னங்காலில் ‘முட்டி’ மாதிரி தெரிவது மணிக்கட்டு. முழங்கை நெஞ்சோடு ஒட்டி மேலே இருக்கிறது. பாயாவுக்கு வாங்குகிறோமே ஆட்டுக்கால், அது அந்த மணிக்கட்டுக்கோ குதிகாலுக்கோ கீழே உள்ள பகுதி. இரண்டு எலும்பு ஒன்றாகச் சேர்ந்து ஒரே எலும்பாகி, கீழ்முனையில் மட்டும் இரண்டாகப் பிரிந்து இரண்டு குளம்பைத் தாங்குகிறது. புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டிப் பக்கம் கறிக்கடைக்காரரிடம் கேட்டால் முழுக்காலையும் மூட்டு மூட்டாகப் பிரித்துத் தருவார். வேகவைத்துக் கழுவி, வரிசையாக அடுக்கி வரையுங்கள். இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

இனி உயரம். ஆட்டுக்காலை அப்படியே யானை அளவுக்குப் பெரிதாக்கினால் நிற்காது. உயரம் இரண்டு மடங்கானால் எலும்பின் குறுக்குப் பரப்பு நான்கு மடங்குதான் ஆகும், எடையோ எட்டு மடங்காகிவிடும். கலிலியோ 1638-லேயே எழுதிவைத்த கணக்கு இது. அதனால்தான் யானையின் கால் தூண் மாதிரி நேராக இருக்கிறது, முட்டி தாழ்ந்திருக்கிறது, குதிகால் தரைக்குப் பக்கத்திலேயே வந்துவிடுகிறது. உங்கள் மிருகத்துக்கு யானை உயரம் வேண்டுமானால் யானைக்கால் போடுங்கள். ஆட்டு வளைவுதான் வேண்டுமென்றால் உயரத்தைக் குறையுங்கள்.

நடுக்காலை எங்கே பொருத்துவது என்பதையும் முடிவு செய்ய வேண்டும். ஆட்டின் பின்னங்கால் இடுப்பெலும்பு வழியாக முதுகெலும்போடு இறுகியிருக்கிறது. முன்னங்கால் எந்த எலும்போடும் சேரவில்லை. தோள்பட்டை எலும்பை விலாவின் மேல் தசைதான் பிடித்திருக்கிறது. நடுக்காலுக்கு இன்னொரு இடுப்பெலும்பு கொடுத்தால் முதுகு விறைத்துவிடும், வளைந்து பாய முடியாது. தோள்பட்டை மாதிரி கொடுத்தால் அடியில் விலா இருக்க வேண்டும், அந்த எலும்பு முன்னும் பின்னும் அசைய இடமும் விட வேண்டும். அதற்கு உடலை நீளமாக்குங்கள்.

அடுத்தது ஓடு. நண்டுக்கு ஓடுதான் எலும்பு, தசை உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. உள்ளே எலும்பும் வெளியே ஓடும் என்று இரண்டும் சேர்ந்திருப்பதற்கு இயற்கையில் நல்ல உதாரணம் ஆமை. ஆனால் ஆமை ஓடு முதுகில் கவிழ்த்த மூடி இல்லை. விலா எலும்புகளும் முதுகெலும்பும் விரிந்து சேர்ந்து ஆனதுதான் அந்த ஓடு, ஆமையை அதிலிருந்து கழற்ற முடியாது. மற்ற விலங்குகளில் தோள்பட்டை எலும்பு விலாவுக்கு வெளியே இருக்கும், ஆமைக்கு மட்டும் உள்ளே இருக்கிறது. அதாவது, ஆமை ஓடு போட்டால் தோள்பட்டை முதுகின் மேல் துருத்தித் தெரியக் கூடாது. உங்கள் படத்தில் தெரிகிறது. முதுகு வளையவும் கூடாது. ஓட்டுக்கு அடியிலிருந்துதான் கால் வெளியே வரும்.

இப்போது அந்த செட். அதில் ஆமை ஓடு இருக்கிறதே, அதுதான் ஆபத்து. நம் கரைக்கு அதிகம் வருவது பங்குனி ஆமை என்ற கடலாமை. 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. கரையில் கிடந்தது, நாங்கள் கொல்லவில்லை என்று விற்கிறவர்கள் சொல்வார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி செத்துக் கிடந்தாலும் அது அரசுச் சொத்து. முதல் அட்டவணையில் உள்ள விலங்கு என்பதால் குறைந்தது 3 ஆண்டு சிறை. ‘பேப்பர் இருக்கு, படிப்புக்குத்தான்’ என்று தரகர் பேசுவார். போலீஸ் வந்தால் அவர் இருக்க மாட்டார், உங்கள் மேஜையில் ஓடு இருக்கும்.

இந்தத் தரகர்கள் பிழைப்பதற்கு நம் அமைப்பும் ஒரு காரணம். கல்லூரிகளில் முழு எலும்புக்கூடுகள் தூசி படிந்து நிற்கின்றன. வரைகிற பையன் ஒருவன் பார்க்க வந்தால் கடிதம் எங்கே, துறைத்தலைவர் கையெழுத்து எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். நான் வேலை பார்த்த இடத்திலேயே இது நடந்தது. பரீட்சைக்கு மட்டும் திறக்கும் அறையை மாதம் ஒரு நாள் திறந்துவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

நீங்கள் கடிதத்துக்கு அலைய வேண்டாம். எழும்பூர் அருங்காட்சியகத்தில் டிக்கெட் வாங்கிக்கொண்டு விலங்கியல் பகுதிக்குப் போங்கள். யானை எலும்புக்கூடும் திமிங்கல எலும்புக்கூடும் அங்கே இருக்கின்றன. யானையின் பின்னங்காலைப் பக்கவாட்டில் நின்று வரையுங்கள், குதிகால் எங்கே இருக்கிறது என்று குறியுங்கள். அதை வைத்துப் படத்தைத் திருத்தி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.