பெயரை மறைத்தால் போதுமா? தனிப்பட்ட விவரங்கள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: சார், என் பெயரை எங்கேயும் கொடுப்பதில்லை. பிறந்த தேதியும் அஞ்சல் குறியீடும் மட்டும்தான். அதில் என்ன ஆபத்து?

பதில்: அந்த "மட்டும்தான்" போதும். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றும் சேர்ந்தால் அமெரிக்க மக்களில் சுமார் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காணலாம் என்று கணினி ஆய்வாளர் லதான்யா ஸ்வீனி 2000-ல் கணக்கிட்டுக் காட்டினார். 2006-ல் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் சுமார் ஆறரை லட்சம் பேரின் தேடல்களை, பெயருக்குப் பதில் எண் போட்டு, ஆய்வாளர்களுக்காக வெளியிட்டது. நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர்கள் தேடிய சொற்களை வைத்தே ஒரு பெண்மணியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஏஓஎல் கோப்பை அவசரமாக எடுத்தது. அதற்குள் பலர் நகல் எடுத்திருந்தார்கள்.

கேள்வி: ஐபி முகவரியை, அதாவது என் இணைய இணைப்பின் எண்ணை, வைத்து வீட்டுக்கே வந்துவிடுவார்களா?

பதில்: சினிமாவில் வருவார்கள். வெளியாளுக்குப் பெரும்பாலும் இணைய சேவை நிறுவனமும் உத்தேசமாக ஊரும்தான் தெரியும்; ஊரும் பல நேரம் தப்பாக இருக்கும்.

கேள்வி: போட்டோ அனுப்பினால் இடம் தெரியுமா?

பதில்: கேமராவுக்கு லொகேஷன் அனுமதி கொடுத்திருந்தால், எடுத்த இடம் படக் கோப்புக்குள்ளேயே பதிவாகும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது நீங்கிவிடும். அதையே டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகும். மின்னஞ்சலில் இணைத்தாலும் பெரும்பாலும் அதே கதைதான். 2012-ல் தலைமறைவாக இருந்த, மெக்காஃபி ஆன்டிவைரஸ் நிறுவனத்தைத் தொடங்கிய ஜான் மெக்காஃபி குவாத்தமாலாவில் இருப்பது, ஒரு பத்திரிகை வெளியிட்ட படத்தில் ஒட்டியிருந்த இந்த விவரத்தால்தான் அம்பலமானது. குழந்தையின் சீருடையில் இருக்கும் பள்ளிப் பெயரை எந்த அமைப்பும் நீக்கித் தராது, அதை நீங்கள்தான் கவனிக்க வேண்டும்.

கேள்வி: என்னோடு சண்டை போட்டவர் என் போன் நம்பரையும் விலாசத்தையும் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். நானும் அவருடையதைப் போடட்டுமா?

பதில்: வேண்டாம்மா. போட்டால் புகார் உங்கள் மேலும் வரும். முதலில், அனுப்பியவர், தேதி, நேரம் எல்லாம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்; நீக்கிய பிறகு ஆதாரம் தேடினால் கிடைக்காது. பிறகு அட்மினிடம் சொல்லுங்கள். மற்றவர் அனுப்பியதையும் எல்லோருக்குமாக நீக்க அட்மினால் முடியும். மிரட்டலும் இருந்தால் நேரே போலீஸ்தான். அட்மின்களுக்கும் ஒன்று: யார் பக்கம் நியாயம் என்று பஞ்சாயத்து முடியும்வரை அந்த விலாசத்தை அங்கேயே விட்டு வைக்காதீர்கள். முதலில் நீக்குங்கள், அப்புறம் விசாரியுங்கள். அதே செய்தியை மேற்கோள் காட்டித் திட்டுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களும் அந்த நம்பரை இன்னொரு தடவை பரப்புகிறார்கள்.

கேள்வி: என் தகவலை அழித்துவிடு என்று நிறுவனத்திடம் கேட்க முடியுமா?

பதில்: ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் அமலில் உள்ள ஜிடிபிஆர் என்ற தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். வரிக் கணக்கு போலச் சட்டப்படி வைத்திருக்க வேண்டியதை அழிக்கமாட்டார்கள். எழுத்தில் கேளுங்கள், தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிரவுசரில் பார்த்த பக்கங்களைப் பதிவு செய்யாத இன்காக்னிட்டோவில் போனால் யாருக்கும் தெரியாதுதானே?

பதில்: உங்கள் போனை வாங்கிப் பார்ப்பவருக்குத் தெரியாது. இணைய இணைப்பு தருபவருக்கும், நீங்கள் போய்ப் பார்த்த தளத்துக்கும் தெரியும்.