பூனையைப் போட்டிக்குக் கொண்டுபோகலாமா?

கேள்வி: நாங்கள் இங்கிலாந்தில் கவென்ட்ரியில் வசிக்கிறோம். வீட்டில் இரண்டு பூனைகள் இருக்கின்றன. ஒன்று, காப்பகத்திலிருந்து எடுத்து வளர்க்கும் வயதான சாதாரணப் பூனை. மற்றது, கருத்தடை செய்யப்பட்ட இரண்டு வயது பர்மீஸ் ஆண் பூனை. பர்மீஸை எங்களுக்குக் கொடுத்த பிரீடர் (இனப்பூனைகளை வளர்த்து விற்பவர்), அதைக் கண்காட்சிக்குக் கொண்டு வரும்படி வற்புறுத்திக்கொண்டே இருக்கிறார். சென்ற மாதம் மகளை அழைத்துக்கொண்டு ஒரு கண்காட்சியைப் பார்த்துவிட்டு வந்தேன். அழகழகான பூனைகளைக் கண்டு மகிழ்ந்தது உண்மைதான். ஆனால் மூக்கே இல்லாதது போல முகம் சப்பையாக இருந்த ஒரு பெர்ஷியன் இனப் பூனை, வாயைத் திறந்தபடியே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதன் கூண்டில் பரிசு ரிப்பன் தொங்கியது. வெளியே வரும்போது வாசலருகே வீடற்ற பூனைகளுக்காக உண்டியல் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் மனம் இன்னும் சங்கடப்பட்டது. "வாயில்லா ஜீவனைக் கூண்டில் அடைத்துப் பெருமையடிப்பது பாவம்" என்கிறார் என் மாமியார். மகளோ எப்போது போகலாம் என்று நச்சரிக்கிறாள். நான் என்ன செய்யட்டும்?

பதில்: உங்கள் பர்மீஸை ஒரு முறை கொண்டுபோய்ப் பார்ப்பதில் தவறில்லை. அதன் சுபாவம் இடம் கொடுத்தால் தொடரலாம்; இல்லையெனில் அன்றோடு நிறுத்திவிடலாம். அதே நேரத்தில், அந்தப் பெர்ஷியனைக் கண்டு உங்களுக்கு ஏற்பட்ட கலக்கத்தை, ஊரே செய்கிறதே என்று சமாதானம் சொல்லி அடக்கிவிடாதீர்கள். ஒரு நாள் முழுவதும் கூண்டில் இருப்பதால் ஒரு பூனைக்கு ஏற்படும் சிரமம் வேறு; எந்த உடலமைப்புக்குப் பரிசு கொடுப்பது என்று மனிதர்கள் எடுக்கும் முடிவால் இனிமேல் பிறக்கப்போகும் பூனைகள் படும் அவதி வேறு. முன்னதை நீங்களே கவனித்துத் தவிர்த்துவிட முடியும். உண்மையில் கவலைப்பட வேண்டியது பின்னதைப் பற்றித்தான்.

உங்கள் மாமியார் சொல்வதைப் பழைய காலத்துப் பேச்சு என்று தள்ளிவிட வேண்டாம். இன்றைய பூனைக் கண்காட்சிகளுக்கெல்லாம் முன்னோடி, லண்டன் கிரிஸ்டல் பேலஸில் 1871 ஜூலை 13 அன்று ஓவியர் ஹாரிசன் வியர் ஏற்பாடு செய்த கண்காட்சி. எலி பிடிக்க மட்டுமே லாயக்கு என்று கருதப்பட்டு உதாசீனம் செய்யப்பட்ட பிராணியை மக்கள் நின்று பார்க்க வேண்டும், மதிக்க வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். (நடுவர்களில் வியரும் அவருடைய சகோதரரும் இருந்தார்கள்; பரிசு பெற்ற பூனைகளில் வியரின் சொந்தப் பூனையும் ஒன்று. இன்றைய விதிகளின்படி இது நடக்காது.) 1887-இல் நேஷனல் கேட் கிளப் தொடங்கியபோது அதன் முதல் தலைவரும் அவர்தான். ஆனால் சில ஆண்டுகளிலேயே, உறுப்பினர்களுக்குப் பூனைகளின் நலத்தைவிடப் பதக்கங்களே பெரிதாகிவிட்டன என்று மனம் நொந்து அவர் விலகிக்கொண்டார். உங்கள் மாமியார் சொல்லும் குறை, கண்காட்சியைத் தொடங்கி வைத்தவரே சொன்ன குறைதான்.

அந்தப் பெர்ஷியனுக்கு வருகிறேன். ஒவ்வொரு வம்சாவளி இனத்துக்கும் தலை, கண், காது, உடல், வால், ரோமம் ஆகியவை எப்படியிருக்க வேண்டும் என்று எழுதி, மொத்தம் 100 மதிப்பெண்களைப் பிரித்து வைத்திருக்கும் ஆவணம் ஒன்று உண்டு. அதை ஸ்டாண்டர்டு என்பார்கள். பூனைகளுக்கான சாமுத்திரிகா லட்சணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் இதன் ஒவ்வொரு வரியிலும்தான் இருக்கிறது. அமெரிக்காவில் 1906-இல் தொடங்கிய, பூனை இனங்களைப் பதிவு செய்யும் சிஎஃப்ஏ அமைப்பின் ஸ்டாண்டர்டு, பெர்ஷியனின் நெற்றியும் மூக்கும் சேரும் இடத்துப் பள்ளம் இரண்டு கண்களுக்கும் நடுவே அமைய வேண்டும் என்கிறது. பிரிட்டனில் 1910-இல் தொடங்கிய, அதே வேலையைச் செய்யும் ஜிசிசிஎஃப் அமைப்போ, மூக்கு நுனியின் மேல்விளிம்பு கண்ணின் கீழ்விளிம்பைவிட உயரத்தில் இருந்தால் பட்டத்துக்கான சான்றிதழை மறுக்க வேண்டும் என்கிறது. படிக்கும்போது இரண்டுக்கும் அரை அங்குலம்கூட வித்தியாசம் தெரியாது. ஆனால் அந்த அளவுக்குள்தான் மூக்குத் துவாரங்கள் சுருங்குகின்றன, கண்ணீர் இறங்கும் குழாய் வளைந்து அடைபட்டுக் கன்னமெல்லாம் கறையாகிறது, பற்கள் வரிசை தப்புகின்றன. தலைமுறை தலைமுறையாக முகத்தைக் குறுக்கிக்கொண்டே போகும்போது, பரிசு வாங்கிய ஆண் பூனையைத் தேடித்தான் மற்றப் பிரீடர்கள் தங்கள் பெண் பூனைகளைக் கொண்டுவருகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மேடையில் இன்று ஏறிய முகம்தான் அடுத்த ஆண்டு கூடைகளில் பிறக்கிறது.

விதி இருந்தும் நீங்கள் பார்த்த பூனை ரிப்பன் வாங்கியிருக்கிறதே என்று கேட்பீர்கள். மூக்கு எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை விதி அளக்கிறது. அந்த மூக்கு வழியாக மூச்சு போகிறதா என்பதை அளப்பதில்லை. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் பூனை வாயைத் திறந்து மூச்சு விடுவது நாய்க்கு இளைப்பதைப் போன்ற சாதாரண விஷயமன்று. அது உடனே மருத்துவர் பார்க்க வேண்டிய நிலை. இனி எங்கேயாவது அப்படிப் பார்த்தால் மனம் வருந்திக்கொண்டு நகர்ந்துவிடாமல், அமைப்பாளரிடம் போய்க் கூண்டு எண்ணைச் சொல்லி, மருத்துவரை அழைக்கச் சொல்லுங்கள். பார்வையாளருக்கு அந்த உரிமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அமைப்புகள் மனம் வைத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கும் சான்றுகள் உண்டு. 1961-இல் ஸ்காட்லாந்துப் பண்ணை ஒன்றில் காது மடிந்த பூனை ஒன்று தென்பட, அதிலிருந்து ஸ்காட்டிஷ் ஃபோல்டு என்ற இனமே உருவாக்கப்பட்டது. காதை மடக்கும் அதே மரபணுக் கோளாறு கால், வால் மூட்டுகளின் குருத்தெலும்பையும் கெடுத்து வலியுள்ள மூட்டுநோயைக் கொண்டுவருகிறது. 1970-களின் தொடக்கத்திலேயே ஜிசிசிஎஃப் அந்த இனத்தைப் பதிவு செய்வதை நிறுத்திவிட்டது. அந்த அமைப்பின் கண்காட்சிகளில் இன்றும் அதற்கு மேடை இல்லை. பெர்ஷியன்களிலும் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் பெருகும் பரம்பரை நோய் ஒன்று, பல நாடுகளில் சோதித்துப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பெர்ஷியனுக்கு மேல் இருந்தது. பெற்றோரில் ஒன்றிடம் அந்த மரபணு இருந்தாலே குட்டிகளில் பாதிக்கு வரக்கூடியது. 2004-இல் அந்த மரபணு மாற்றம் கண்டறியப்பட்ட பிறகு, சோதித்துப் பார்த்து இணைசேர்க்கும் வழக்கம் பரவி, நோய் வெகுவாகக் குறைந்தது. தெருவிலும் இணையத்திலும் கணக்கு வழக்கில்லாமல் குட்டி விற்பவர்களால் இது நடந்திருக்காது. வம்சாவளிப் பதிவேடு வைத்திருந்தவர்களால்தான் நடந்தது. ஆகவே கண்காட்சி உலகத்தை முழுவதும் கரித்துக்கொட்ட எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் பூனை கருத்தடை செய்யப்பட்டது. அதற்குப் பரிசு கிடைத்தால் அதன் வாரிசுகள் யாரும் பிறக்கப்போவதில்லை. ஆனாலும் பிரீடர் ஏன் வற்புறுத்துகிறார் என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் செலவு செய்து வாங்கும் பட்டம் அவருடைய கேட்டரியின் (பூனை வளர்ப்பகத்தின்) பெயரைத் தாங்கித்தான் வரும். அடுத்த ஈற்றுக் குட்டிகளுக்கு அதுவே விளம்பரம். இதில் ஒளிவுமறைவோ குற்றமோ இல்லை, எல்லாப் பிரீடர்களும் செய்வதுதான். ஆனால் அவருக்கு நீங்கள் ஒரு நன்மை செய்யப்போகிறீர்கள் என்பதால், பதிலுக்குச் சில கேள்விகளைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பர்மீஸ் இனத்தில் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து தசை தளர்ந்துபோகும் பரம்பரை நோய்க்கும், குட்டிகளின் மண்டையோடு கோணலாக உருவாகும் குறைக்கும் மரபணுச் சோதனைகள் உள்ளன. இணைசேர்க்கும் பூனைகளுக்கு அவற்றைச் செய்தாரா, முடிவுகளைக் காட்டுவாரா, இந்த வம்சத்தில் நீரிழிவு வந்த பூனைகள் உண்டா என்று கேளுங்கள். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பர்மீஸ் பூனைகளுக்கு நீரிழிவு மற்றப் பூனைகளைவிட அதிகமாக வருகிறது. காகிதங்களை எடுத்து மேசைமேல் வைப்பவருடைய பூனைக்குப் பட்டம் கிடைப்பது நல்லதே. பேச்சை மாற்றுபவருக்காக ஒரு சனிக்கிழமையை வீணாக்க வேண்டாம்.

இனி அந்த நாளைப் பற்றி. ஜிசிசிஎஃப்பின் வழக்கமான முறையில் காலையில் வாசலிலேயே கால்நடை மருத்துவர் ஒவ்வொரு பூனையையும் பரிசோதிப்பார்; தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். கூண்டுக்குள் வெள்ளைப் போர்வை, வெள்ளை மணல்தட்டு, வெள்ளைத் தண்ணீர்க் கிண்ணம் ஆகியவை மட்டும் இருக்கலாம். யாருடைய பூனை என்று நடுவருக்குத் தெரியக்கூடாது என்பதால் பெயருக்குப் பதில் எண் வில்லைதான். பிறகு உரிமையாளர்கள் மண்டபத்தைவிட்டு வெளியேறிவிட வேண்டும். நடுவரும் உதவியாளரும் கூண்டு கூண்டாக வந்து, ஒவ்வொரு பூனைக்கும் முன்பு கையைக் கிருமிநாசினியால் துடைத்துக்கொண்டு, தூக்கிப் பார்த்துக் குறிப்பெழுதுவார்கள். பொதுமக்களைப் பெரும்பாலும் நண்பகலுக்கு மேல்தான் விடுவார்கள். பர்மீஸ் மனிதரைத் தேடிவரும் இனம், கையில் எடுத்தால் பெரும்பாலும் சிணுங்காது. ஆனால் மனிதரைத் தேடும் பூனைக்கு நீங்கள் வெளியே போய்விடும் அந்தக் காலைப் பொழுதுதான் கடினம்.

மதியம் திரும்பி வந்து பார்க்கும்போது முகத்தைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பாருங்கள். பயந்துபோன பூனை மணல்தட்டுக்குள் போய்ச் சுருண்டு உட்கார்ந்துகொள்ளும். கூண்டில் விளிம்பு உயர்ந்த இடம் அது ஒன்றுதான். தூங்குவது போல் கண்ணை இறுக மூடியிருக்கும், ஆனால் நான்கு கால்களும் உடலுக்கடியில் இழுத்து வைக்கப்பட்டிருக்கும், முதுகைத் தொட்டால் தசை கல்லாக இருக்கும். பார்வையாளர்கள் "எவ்வளவு சாதுவாகத் தூங்குகிறது" என்று சொல்லிக்கொண்டே போவார்கள். உண்மையாகத் தூங்கும் பூனை பக்கவாட்டில் சாய்ந்து காலை நீட்டிக் கிடக்கும், விழித்தால் சோம்பல் முறிக்கும், கொடுத்ததைச் சாப்பிடும். உங்களுடையது இரண்டாவது வகை என்றால் மாமியாரையே அழைத்துக்கொண்டு போய்க் காட்டலாம். முதல் வகை என்றால் எத்தனை ரிப்பன் கிடைத்தாலும் அதுவே கடைசி முறையாக இருக்கட்டும். பதற்றத்தை அடக்க மருந்து கொடுத்துக் கூட்டிப்போகும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

வீட்டுப் பூனைகளுக்கென்றும் தனிப் பிரிவு உண்டு. அங்கே ஸ்டாண்டர்டு எதுவும் இல்லை, ஆரோக்கியத்தையும் சுபாவத்தையும் பார்த்துத்தான் பரிசு. உங்கள் மகள் கண்டிப்பாகக் கேட்பாள். ஆனால் வயதான காப்பகப் பூனையை, வாழ்க்கையில் ஏற்கெனவே ஒருமுறை கூண்டுகளின் வரிசையில் இருந்துவிட்டு வந்ததை, மறுபடியும் அப்படி ஒரு வரிசையில் உட்கார வைப்பதை நான் விரும்பவில்லை. அந்த உண்டியலைப் பார்த்து வந்த குற்றவுணர்வைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை; ஒரு பூனையைக் காப்பகத்திலிருந்து எடுத்து வயதான காலத்திலும் வைத்துக் காப்பாற்றுபவர், இன்னொன்றை விலைக்கு வாங்கியதற்காக யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

போவது என்று முடிவு செய்தால், பெரிய தேசியக் கண்காட்சியை விட்டுவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் காரில் போய்விடக்கூடிய சிறிய கிளப் கண்காட்சியாகத் தேர்ந்தெடுங்கள். விண்ணப்பங்களைப் பல வாரங்களுக்கு முன்பே வாங்கி முடித்துவிடுவார்கள். பூனை உங்கள் பெயரில் பதிவாகியிருக்கிறதா என்று அதற்கு முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்த வெள்ளைப் போர்வையை வாசனையில்லாத சோப்பில் துவைத்துச் சில இரவுகள் பூனை தூங்கும் இடத்தில் போட்டுவைத்தால், புதிய கூண்டிலும் அதற்குத் தன் வாசனை இருக்கும். பழக்கமில்லாத நண்பர் ஒருவரை வீட்டுக்கு அழைத்து, மேசைமேல் நிற்க வைத்து, பல்லையும் வாலையும் பார்க்கச் சொல்லிப் பழக்குங்கள். திரும்பி வந்தபின் உடையை மாற்றிக்கொண்டு, வயதான பூனையிடமிருந்து இதைச் சில நாட்கள் தனியறையில் வையுங்கள்; பூனைச் சளியும் படர்தாமரையும் கூட்டமான மண்டபங்களில் எளிதாகத் தொற்றும். புறப்படும் காலையில் தும்மினாலோ, முந்திய இரவு சாப்பிடாமல் விட்டிருந்தாலோ, மகள் எவ்வளவு அழுதாலும் வீட்டிலேயே இருந்துவிடுங்கள். கட்டிய பணம் திரும்பி வராது, போகட்டும்.