காணிக்கை செலுத்திய பிறகும் மனநிறைவு இல்லையே?

கேள்வி: சென்ற ஆண்டு சாவின் விளிம்புவரை போன என் கணவர், பல வாரச் சிகிச்சைக்குப் பின் தேவ இரக்கத்தால் பிழைத்து வீடு திரும்பினார். பொருத்தனை (நேர்ச்சை) பண்ணியபடியே ஸ்தோத்திரக் காணிக்கை செலுத்தினோம். ஆலயத்தில் சாட்சியும் சொன்னோம். ஆனாலும் மனம் நிறையவில்லை. எங்களிடம் வாங்கிய இரண்டு லட்சம் ரூபாயைத் திருப்பித் தராத கொழுந்தனாரோடு சில ஆண்டுகளாகப் பேச்சு இல்லை. மருத்துவமனைக்கு அவர் வந்தபோதும் நான் முகம் கொடுக்கவில்லை. கர்த்தர் செய்த நன்மைக்கு நாங்கள் இன்னும் என்ன செய்யவேண்டும்? (வாசகி, நாசரேத்)

பதில்: சகோதரி, உங்கள் கணவருக்குக் கிடைத்த சுகத்துக்காக உங்களோடு சேர்ந்து நானும் ஆண்டவரைத் துதிக்கிறேன். பொருத்தனையை நிறைவேற்றியதும் சபை நடுவே சாட்சி சொன்னதும் நல்ல காரியங்கள். அவற்றில் குறை இருக்குமோ என்று கலங்கவேண்டாம்.

“கர்த்தர் எனக்குச் செய்த எல்லா உபகாரங்களுக்காகவும், அவருக்கு என்னத்தைச் செலுத்துவேன்?” என்று நீங்கள் கேட்பதையே 116ஆம் சங்கீதக்காரனும் கேட்கிறான். மரணக்கட்டுகளிலிருந்து மீண்டவன் அவன். ஆனால் அடுத்த வசனத்தில் அவன் எதையும் கொடுக்கவில்லை; இரட்சிப்பின் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கர்த்தருடைய நாமத்தைத் தொழுதுகொள்ளுவேன் என்கிறான். பொருத்தனை அதற்குப் பிறகுதான் வருகிறது. தேவ இரக்கத்துக்கு நாம் கைமாறு செய்து கணக்கை முடித்துவிட முடியாது. “இன்னும் எவ்வளவு?” என்று எண்ணிக்கொண்டிருக்கும்வரை மனநிறைவு வராது.

நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் கொழுந்தனார் விஷயத்தில்தான் உங்கள் கேள்வியின் கனம் இருப்பதாக எனக்குப் படுகிறது. மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன உவமையை மறுபடியும் நிதானமாக வாசித்துப் பாருங்கள். ராஜாவிடம் பதினாயிரம் தாலந்து கடன்பட்டவன் ஒருவன். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம், ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி என்று வைத்துக்கொண்டால், ஒரு கூலியாள் ஒன்றரை லட்சம் ஆண்டுகளுக்கு மேல் உழைத்தாலும் அந்தக் கடன் தீராது. ராஜா மனதிரங்கி அதை முழுவதும் மன்னித்துவிடுகிறார். வெளியே வந்தவனோ, தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டிய உடன் வேலைக்காரனின் தொண்டையை நெரிக்கிறான்.

அந்த நூறு வெள்ளிப்பணம் அற்பத் தொகை அல்ல, மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கூலி. உங்கள் இரண்டு லட்சமும் அப்படியே. பாடுபட்டுச் சேர்த்த பணம், அதை இழந்த வலி உண்மையானது. அந்தக் கடனே இல்லை என்று ராஜா சொல்லவில்லை. “நான் உனக்கு இரங்கினதுபோல, நீயும் உன் உடன் வேலைக்காரனுக்கு இரங்கவேண்டாமோ” என்றுதான் கேட்கிறார். பவுலும் ரோமருக்கு எழுதிய நிருபத்தில், பதினோரு அதிகாரங்கள் தேவன் செய்ததை விவரித்த பின்னரே, “தேவனுடைய இரக்கங்களை முன்னிட்டு” நம்மை ஜீவபலியாக ஒப்புக்கொடுக்கச் சொல்கிறார். அதே அதிகாரத்திலேயே, கூடுமானால் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள் என்றும் எழுதுகிறார்.

தேவனுக்கு நன்றி சொல்வதும் மற்றவர்களோடு சேர்வதும் இப்படி இணைந்திருப்பது, பழைய ஏற்பாட்டில் நன்றியாகச் செலுத்தப்பட்ட ஸ்தோத்திரபலியிலும் உண்டு. அதன் மாம்சத்தை அன்றைக்கே உண்டு தீர்க்கவேண்டும், விடியுமட்டும் வைக்கக்கூடாது என்கிறது லேவியராகமம் 7:15. ஒரு வீட்டார் மட்டும் உட்கார்ந்து தீர்த்துவிடக்கூடிய அளவா அது? நம் பக்கத்துச் சபைகளில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து உண்ணும் அசனப் பந்தியை நீங்கள் அறிவீர்கள். அங்கே யாரோடு பேச்சு இல்லையோ அவர் பக்கத்திலும் இலை போடப்படுகிறது.

கடனைத் தள்ளிவிடுங்கள் என்று நான் கட்டளையிடவில்லை. அதைக் கணவரும் நீங்களும் ஜெபத்தோடு கலந்து முடிவு செய்யுங்கள்; கொழுந்தனாரால் சிறிது சிறிதாகத் திருப்பித் தர இயலுமானால், அப்படி வாங்கிக்கொள்வதிலும் தவறில்லை. பேச்சைத் தொடங்குவதற்கு மட்டும் அந்த முடிவுவரை காத்திருக்கவேண்டாம். இருவருமாக ஒரு மாலை அவர் வீட்டுக்குப் போங்கள். பணத்தைப் பற்றி அன்றைக்கு வாய் திறக்காமல், மருத்துவமனைக்கு வந்து பார்த்ததற்கு முதலில் நன்றி சொல்லுங்கள்; அன்று முகம் கொடுக்காமல் இருந்ததற்கு நீங்களே மன்னிப்பும் கேளுங்கள்.